அதே எடை வெள்ளி

இராஜபாளையம்
9 ஜூன் 2024

என் பிரியமான பியூலாவுக்கு,

மதினி ஜாஸ்மின் எழுதுவது. இங்கே உன் அண்ணனும் நானும் ஆண்டவர் கிருபையால் சுகம். உன் இருமல் விட்டதா? காலேஜ் திறந்திருப்பார்கள், பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. வீட்டுக்கார அம்மா பரிபூரணம் அக்காவைக் கேட்டதாகச் சொல்.

கையில் போன் இருக்க, இவள் எதற்கு நோட்டுத் தாளைக் கிழித்துக் கவரில் போட்டு அனுப்புகிறாள் என்று நீ சிரிப்பாய். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம், தபாலுக்கு மூன்று நாள். ஆனால் போனில் நீ சொல்வது என் காதோடு போய்விடும். தாளில் எழுதினால் வீட்டில் கிடக்கும். உன் அண்ணனை உனக்குத் தெரியாதா? வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிற மனிதர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

போன மாதம் ஆராதனை முடிந்து வந்து நீங்கள் இருவரும் போட்ட சண்டையில் பாதிதான் என் காதில் விழுந்தது. நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து.

இத்தனை வருஷமும் நம் கம்பெனியில் மற்ற கம்பெனிகளின் பெயருக்குத்தான் பேண்டேஜ் துணி வெளுத்துக் கொடுத்தோம். இந்த வெள்ளிப் பேண்டேஜ்தான் உன் அண்ணன் தன் பெயர் போட்டுப் பெட்டியில் அடைத்த முதல் சரக்கு. புண்ணில் கிருமி அண்டாமல் இருக்க, வெள்ளித் துகள் கலந்த தண்ணீரில் துணியை முக்கி எடுக்கிறோம். தை மாதம் வாங்கிய கேன் சாம்பல் நிறத்தில் கலங்கலாக இருந்தது. துணி அலசிய தண்ணீரை நீ உன் காலேஜ் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஆராய்ச்சிக்கு வளர்க்கிற தண்ணீர்ப் பூச்சிகளை விட்டுப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்றாய். சித்திரையில் வேறு ஆளிடம் வாங்கினோம். அது எலுமிச்சை ஜூஸ் மாதிரி பளிச்சென்று இருந்தது. இதில் துகள் ரொம்பப் பொடி, அதனால் நன்றாக வேலை செய்யும் என்று விற்றவர் சொன்னார். இந்தத் தண்ணீரில் உன் பூச்சிகள் ஒன்று மிச்சமில்லாமல் செத்துப்போயின. சரக்கு எடுக்கிற ஏஜெண்ட், சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லையென்று உன்னிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தரச் சொன்னார். நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய்.

அதற்குத்தான் உன் அண்ணன், "அதே எடை வெள்ளிதான போட்டேன்? தை மாசம் சாகாத பூச்சி சித்திரையில ஏன் சாகுது? ஏட்டி, உனக்கு என் மேல என்ன கோவம்?" என்று சத்தம் போட்டார். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாய்.

அன்றிலிருந்து உன் பெயரை அவர் எடுப்பதில்லை. நான் எடுத்தால் மின்விசிறியைப் பார்க்கிறார். அத்தையும் மாமாவும் போன பிறகு உங்களுக்கு நீங்கள் இருவர்தான். எனக்கு வேறொன்றும் வேண்டாம், நீங்கள் பழையபடி பேச வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நீ பதில் சொல்லவில்லை. எனக்குச் சொல். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அன்புடன்,
ஜாஸ்மின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16 ஜூன் 2024

அன்பு மதினிக்கு,

பியூலா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். இருமல் விட்டது. பரிபூரணம் அக்கா வீட்டில் பின்கட்டில் பால்கோவா கிண்டுவதால் மதியம் முழுக்க என் அறை வேகிறது, ஆனால் வாசத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது?

நீங்கள் பாதி கேட்டே முழுசாகப் புரிந்துகொண்டீர்கள். முழுசாகக் கேட்டவருக்குத்தான் புரியவில்லை. இதை உங்களுக்காக மட்டும்தான் எழுதுகிறேன், வேறு யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்.

ஒரே எடையில் கல் உப்பும் பொடி உப்பும் எடுத்து, இரண்டு செம்புத் தண்ணீரில் போடுங்கள். எது சீக்கிரம் கரிக்கும்? பொடிதான். எடை ஒன்றுதான், ஆனால் பொடியில் தண்ணீர் தொடுகிற பரப்பு அதிகம். வெள்ளியும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுக்குப் பெயர் நானோமீட்டர். தை மாதத்துக் கேனில் துகள்கள் எண்பது நானோமீட்டர் இருந்தன. சித்திரைக் கேனில் பத்து. பெரிய துகள் ஒன்றின் எடையில் சின்னத் துகள் ஐந்நூறுக்கு மேல் இருக்கும். தண்ணீர் தொடுகிற பரப்பு எட்டு மடங்கு. உயிர்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் பரப்பிலிருந்து தண்ணீரில் கசிகிற வெள்ளி. போதாக்குறைக்கு, ரொம்பச் சின்னத் துகள்கள் உடம்புக்குள்ளும் சுலபமாகப் போய்விடுகின்றன. நிறம் மாறியதும் அளவு மாறியதால்தான்.

நான் வளர்க்கிற தண்ணீர்ப் பூச்சி கடுகில் பாதி இருக்கும். கண்ணாடி மாதிரி உடம்பு, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் குடலில் பச்சைப் பாசி தெரியும். சாயங்காலம் நீந்திக்கொண்டிருந்தவை காலையில் அடியில் கிடந்தன. நான் நாலு தடவை திரும்பச் செய்து பார்த்தேன் மதினி. என் கை தப்பாக இருக்க வேண்டும் என்று ஜெபம்கூடச் செய்தேன்.

அண்ணன் மேல் எனக்கு என்ன கோபம்? எனக்குப் பரீட்சைப் பணம் கட்ட தன் பைக்கை விற்றவர். அவர் பெயர் போட்ட பெட்டியைப் பார்த்து அவரைவிட நான்தான் பூரித்துப்போனேன். அதே பெட்டிக்காக நான் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத என்னால் முடியவில்லை.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள்,
பியூலா


இராஜபாளையம்
3 ஜூலை 2024

பியூலா கண்ணுக்கு,

நலம். மாமரத்தில் கடைசிக் காய்களை அணில் தின்றது போக எங்களுக்கும் கொஞ்சம் கிடைத்தது. முட்டி பரவாயில்லை.

உன் கடிதத்தைப் படித்து டிவி மேலே வைத்தேன். நான் வைத்தபோது இரண்டாக மடிந்திருந்தது. மறுநாள் பார்த்தால் நாலாக மடிந்திருந்தது. காற்றுதான் மடித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் தோசை தின்றுகொண்டிருந்த உன் அண்ணன், யாரிடமும் இல்லாமல் தட்டைப் பார்த்துச் சொன்னார்: "கல் உப்புன்னாலும் பொடி உப்புன்னாலும் செத்த நேரத்துல எல்லாம் கரையத்தான போகுது?" நான் என்ன உப்பு என்று கேட்டேன். சட்னியில் உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சட்னியில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

எனக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள். கடைசியில் எல்லாம் கரைந்துவிடும் என்றால் பெரிய துகள் மட்டும் எப்படி நல்லதாகும்?

இன்னொன்று. வில்லிபுத்தூரில் கோயில் பக்கத்துக் கடைகளில் நல்ல சாம்பிராணி கிடைக்குமே, கொஞ்சம் தாராளமாக வாங்கி அனுப்பு. இங்கே கொசு அதிகம்.

கம்பெனியில் வேலை நிறைய. உன் கடிதம் இல்லாமலே வெள்ளிப் பேண்டேஜ் இரண்டாவது லோடு போய்விட்டது. ஏஜெண்ட் வந்து துணியைப் பிரித்து வெயிலில் பிடித்து வெள்ளை பார்த்தார். பால் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். உன் அண்ணன் அன்றைக்குப் புதுச்சட்டை போட்டிருந்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஜாஸ்மின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஜூலை 2024

அன்பான மதினி,

நான் சுகம், நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். சாம்பிராணியும் பரிபூரணம் அக்கா கொடுத்த பால்கோவாவும் இதோடு அனுப்பியிருக்கிறேன். பால்கோவாவை டிவி மேலே வைக்காதீர்கள், அதையும் காற்று தூக்கிப் போய்விடும்.

உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம். என் வகுப்பில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. சட்னியில் உப்பு கேட்டவரைப் பாராட்டியதாகச் சொல்ல வேண்டாம்.

நம் வீட்டுக்கு நாற்பது சொந்தக்காரர்கள் வர இருக்கிறார்கள் என்று வையுங்கள். வாரத்துக்கு ஒருவராக வந்தால் நீங்கள் சிரித்த முகமாகச் சமைத்துப் போடுவீர்கள். நாற்பது பேரும் ஒரே நாளில் வந்து நாலு வேளை தங்கினால்? வருகிறவர்கள் எண்ணிக்கை ஒன்றுதான், வீடு தாங்க வேண்டுமே. பெரிய துகள் மெல்லக் கசியும். அலசிய தண்ணீர் போய்ச் சேருகிற நம் கம்பெனிக் கழிவுத் தொட்டியில் இருக்கிற கந்தகம் அதை அவ்வப்போது பிடித்துக் கறுக்க வைத்துவிடும். வெள்ளிக் கொலுசு கறுப்பது அப்படித்தான். கறுத்த வெள்ளியால் கெடுதல் குறைவு. பொடித் துகள் கூட்டமாக வந்தால் கந்தகம் பிடிப்பதற்கு முன்பே உயிர்களைக் கொன்றுவிடும்.

எனக்குப் பூச்சியைவிட நம் தொட்டிதான் கவலை. துணியிலிருந்து வருகிற கஞ்சியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பதே அதில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான். பேண்டேஜில் கிருமியைக் கொல்கிற வெள்ளி, தொட்டிக்குப் போனால் இது நல்ல உயிர், இதை விட்டுவிடுவோம் என்று பார்க்காது. தொட்டியின் நுரை எப்போதும்போல் பழுப்பாக இருக்கிறதா, இல்லை உயிர் செத்து வெளுத்துவிட்டதா? தண்ணீர் தெளிகிறதா? பார்த்து எழுதுங்கள்.

கொசுவுக்கு இவ்வளவு சாம்பிராணியா மதினி?

பியூலா


இராஜபாளையம்
21 ஆகஸ்ட் 2024

பியூலாவுக்கு,

எல்லாரும் சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது, வேலை சரியாக இருந்தது. பால்கோவாவைக் காற்று ஒரே நாளில் முடித்துவிட்டது.

நம் சபைக் கோயிலின் அசன விருந்து நன்றாக நடந்தது. இந்த வருஷமும் நம் கம்பெனியை ஒட்டிய மைதானத்தில்தான் சமைத்துப் பந்தி போட்டார்கள். நல்ல கூட்டம். நீ வரவில்லையே என்று எல்லாரும் கேட்டார்கள். காலேஜில் பரீட்சை என்று சொன்னேன்.

மழை இரண்டு நாள் தூறியது. சாம்பிராணி தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் அனுப்பு.

ஜாஸ்மின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
27 ஆகஸ்ட் 2024

மதினிக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதப் போகிறீர்கள், அதனால் கேட்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற ஞானதுரை அண்ணனும் நம் சபைதான், அது உங்களுக்கும் தெரியும். அவர் அசனத்துக்கு வந்திருந்தார். காற்று கம்பெனிப் பக்கமிருந்து திரும்பியபோது, ஜனங்கள் ஒரு கையில் சோறும் ஒரு கையில் மூக்குமாக உட்கார்ந்திருந்தார்களாம். குழந்தைகள் இலையை விட்டு எழுந்து ஓடினார்களாம். என் அண்ணன் எட்வின் பந்தியில் பரிமாறாமல் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார் என்றும் சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கேட்ட தொட்டியைப் பற்றி ஒரு வரி எழுதாமல் மழை தூறியதை எழுதியிருக்கிறீர்கள். சாம்பிராணி எதற்கென்று இப்போது புரிகிறது. எனக்குக் கோபம்தான் மதினி, உங்கள் மேல்தான். நீங்களும் என்னிடம் மறைத்தால் அந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். துணியை எப்படி முக்குகிறீர்கள், எத்தனை தடவை அலசுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எனக்கு ஒன்று இடிக்கிறது. பத்து நானோமீட்டர் வெள்ளி ஏறிய துணி லேசாக மஞ்சள் பூத்திருக்க வேண்டும். அது எப்படிப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும்?

பியூலா


இராஜபாளையம்
5 செப்டம்பர் 2024

என் தங்கமான நாத்தனாருக்கு,

கோபம் தீரும் வரைக்கும் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். உன்னிடம் சொன்னால் நீ சொன்னது சரியாகிவிடும், அவர் சொன்னது தப்பாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூக்கை மூட முடியவில்லை.

ஜூன் கடைசியிலேயே நாற்றம் ஆரம்பித்துவிட்டது. நுரை வெளுத்து, பிறகு நுரையே இல்லாமல் போய், தண்ணீர் கஞ்சியோடு கறுத்துவிட்டது. உன் அண்ணன் காற்று அடிக்கிற புளோயர் ரிப்பேர் என்று அதை மாற்றினார். பிறகு நாற்றம் போக பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். மிச்சம் இருந்ததும் செத்திருக்கும், இல்லையா? தெருவில் ஒருவரும் வந்து சண்டை போடவில்லை. எங்கள் வீட்டைத் தாண்டும்போது சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டே, "சாப்பிட்டீங்களா மதினி" என்று கேட்டுப் போகிறார்கள். சண்டை போட்டிருந்தால் தேவலை.

இப்போது அலசுவதைச் சொல்கிறேன். முக்கி எடுக்கும்போது துணி மஞ்சளாகத்தான் இருந்தது. பேண்டேஜ் துணியில் மஞ்சள் இருந்தால் பழைய சரக்கு என்று ஏஜெண்ட் தொடவே மாட்டார். எங்கள் தொழிலில் வெள்ளைதான் எல்லாம். அதனால் வெள்ளை வருகிற வரைக்கும் அலசுகிறோம். ஒவ்வொரு தடவையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் போடு என்பார் உன் அண்ணன். சில நாள் மூன்று தடவை, சில நாள் நாலு. அந்தத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குத்தான் போகிறது.

நான் படித்தது பிகாம், ஆனாலும் நீ எழுதிய உப்பை வைத்து யோசித்தால், பெட்டித் துணியில் என்ன மிச்சம் இருக்கும் என்று சந்தேகம் வருகிறது. பெட்டியில் அடைத்த துணியில் ஒரு துண்டும், அலசாத துணியில் ஒரு துண்டும் வெட்டி இதில் வைத்திருக்கிறேன். உன் அண்ணனுக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜாஸ்மின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29 செப்டம்பர் 2024

அன்பு மதினிக்கு,

நலம் விசாரிக்க மறக்கவில்லை, முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை டிவி மேலே வைக்க வேண்டாம். நீங்கள் படித்து, நேரம் பார்த்து, பக்குவமாக அண்ணனிடம் சொல்லுங்கள்.

கிருமி வளர்த்த தட்டில் இரண்டு துண்டையும் வைத்தேன். அலசாத துணியைச் சுற்றிக் கிருமி செத்து வட்டமாகத் தெளிந்திருந்தது. பெட்டித் துணியைச் சுற்றி ஒன்றும் இல்லை, துணி மேலேயே கிருமி ஏறியிருந்தது. என் கண்ணை நம்பாமல் மதுரைக்கு அனுப்பி வெள்ளியை அளக்கச் சொன்னேன். அதற்குத்தான் இவ்வளவு நாளானது. முக்கியபோது ஏறிய வெள்ளியில் பத்தில் ஒரு பங்குகூடப் பெட்டித் துணியில் இல்லை. வெள்ளையாக்குகிறோம் என்று வெள்ளியைத்தான் அலசி விட்டிருக்கிறோம். வெள்ளிப் பேண்டேஜ் தொட்டியில் இருக்கிறது மதினி. பெட்டியில் இருப்பது வெறும் பேண்டேஜ்.

இதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப்போட்டேன். பூச்சி செத்தது என்று சொன்னதற்கே நாலு மாதமாகப் பேசாதவர், இதற்கு என்ன செய்வாரோ. அவர் யாரையும் ஏமாற்றுகிறவர் இல்லை. எடை பார்க்கிறபோது முள் ஒரு நூல் சாய்ந்தால்கூட இன்னொரு ரோல் தூக்கி வைக்கிறவர். அதனால்தான் பயமாக இருக்கிறது. அவர் மனம் உடைந்துபோகிற மாதிரி என் கையெழுத்தில் ஒரு தாள் அந்த வீட்டில் கிடக்க வேண்டாம்.

நீங்கள் இருவரும் நேரத்துக்குத் தூங்குங்கள்.

பியூலா


இராஜபாளையம்
14 அக்டோபர் 2024

பியூலா,

ஆண்டவர் நம்மைக் கைவிடவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதத்தை டிவி மேலேதான் வைத்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் அவரோடு இருக்கிறேன், பக்குவமாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நீ எழுதியிருக்கிற மாதிரி நேராகச் சொன்னால்தான் பிடிக்கும், கத்தினாலும்.

கத்தவில்லை. டிவி முன்னால் நின்றபடியே படித்தார், நான் இருக்கிறேன் என்று தெரிந்தும். பிறகு உட்கார்ந்துவிட்டார். "இதை வாங்கிப் போயி எத்தன பேரு புண்ணுல கட்டியிருப்பான்?" என்று கேட்டார். அவருக்குக் கண் கலங்கியதை இரண்டாவது தடவையாகப் பார்த்தேன், முதல் தடவை மாமா அடக்கத்தில்.

சாப்பிடாமல் கம்பெனிக்குப் போய் லோடை நிறுத்தினார். ஏஜெண்டுக்கு அவரே போன் செய்து, அனுப்பிய பெட்டியெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஏஜெண்ட், வெள்ளி இருக்கிறதா இல்லையா என்று யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்றாராம். "என் தங்கச்சி அளந்து பாத்துட்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். ஐந்து மாதத்துக்குப் பிறகு உன்னைத் தங்கச்சி என்றார். நான் அடுப்படிக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

பக்கத்து ஊர் மில் தொட்டியிலிருந்து நுண்ணுயிர் உள்ள நல்ல சகதி கேட்டு வாங்கிவந்து நம் தொட்டியில் ஊற்றியிருக்கிறோம். சாணியும் வெல்லமும் கரைத்துத் தினமும் விடுகிறேன். நுரை ஓரத்தில் பழுப்பு தட்ட ஆரம்பித்திருக்கிறது. பக்கத்து வீட்டு ஆள் இன்று மூக்கை மூடாமல் வந்து பேசினார், ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

இரண்டு வேலை உனக்கு. ஒன்று, "எந்தச் சைஸ் போட்டா துணியிலயும் நிக்கும், தொட்டியும் பொழைக்கும்?" இது என் கேள்வி இல்லை, யார் கேட்டது என்று மறைக்கவும் இல்லை. இரண்டு, சின்னத் துகள் கேன்கள் மூன்று மிச்சம் இருக்கின்றன. அவற்றை எங்கே கொட்டுவது என்று கேட்டார். எங்கேயும் கொட்ட விட மாட்டேன் என்றேன்.

ஜாஸ்மின்


ஸ்ரீவில்லிபுத்தூர்
4 நவம்பர் 2024

என் அருமை மதினி,

உங்கள் கடிதத்தைப் பரிபூரணம் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் அடுப்பை மறந்து கேட்டதில் ஒரு சட்டி அடிப்பிடித்துவிட்டது. அதைத் தின்றுதான் இரண்டு நாளாகச் சந்தோஷமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சுகம் என்று இந்தத் தடவை நம்புகிறேன்.

கேள்விக்குப் பதில். நீங்கள் தை மாதக் கேனில் மிச்சம் வைத்திருந்ததை ஞானதுரை அண்ணன் கொண்டுவந்தார். அந்த எண்பது நானோமீட்டர் வெள்ளியில் துணியை முக்கி, சூட்டில் நன்றாகக் காயவிட்டு, ஒரே ஒரு தடவை அலசினேன். வெள்ளியில் முக்கால் பங்கு துணியிலேயே நின்றது. கிருமித் தட்டில் வட்டம் சின்னதுதான், ஆனால் மூன்றாம் நாளும் இருந்தது. சின்னத் துகளின் வட்டம் முதல் நாள் பெரிதாக இருந்து பிறகு சுருங்கிவிட்டது. அலசிய தண்ணீரில் பூச்சிகளை விட்டேன். பெரும்பாலானவை பிழைத்தன, எல்லாமும் இல்லை. அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் அடுத்த முக்கலுக்கே திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

துணி வெள்ளையாக இருக்காது. சாம்பல் தட்டிய பழுப்பாக இருக்கும். அதை விற்கிற பாடு உங்களுடையது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், புண்ணுக்கு எப்படி என்று டாக்டர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் பல தடவை செய்து பார்க்காமல் இதற்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அண்ணன் கோபித்துக்கொண்டாலும் சரி.

மூன்று கேனையும் எனக்கு அனுப்புங்கள். என் ஆராய்ச்சிக்கு இன்னும் மூன்று வருஷத்துக்குக் காணும். மூடியை இறுக்கி, மேலே எழுதி ஒட்டி அனுப்புங்கள். யாராவது ஜூஸ் என்று குடித்துவிடப் போகிறார்கள்.

பியூலா


இராஜபாளையம்
18 நவம்பர் 2024

பியூலாவுக்கு அண்ணன் எட்வின் எழுதுவது.

சுகம். நீயும் சுகமாக இருப்பாய். இப்படியெல்லாம் எழுதிப் பழக்கம் இல்லை, ஜாஸ்மின்தான் தாளையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திப் போயிருக்கிறாள்.

தொட்டி தெளிந்துவிட்டது. நுரை நல்ல பழுப்பு. தெருவில் மூக்கை மூடுகிறவர் இல்லை.

நீ சொன்னபடி எண்பதில் துணி போட்டேன். ஒரே அலசல், அந்தத் தண்ணீர் மறு முக்கலுக்கு. துணி கம்பங்கூழ் நிறத்தில் இருக்கிறது. ஏஜெண்ட் பார்த்துவிட்டு, இதைக் கார் துடைக்கக்கூட யாரும் வாங்க மாட்டான் என்றார். போகட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டரையும் புண் கட்டுகிற சிஸ்டரையும் பார்த்து, இது ஏன் வெள்ளையாக இல்லை என்று நானே விளக்கினேன். கல் உப்பு, பொடி உப்பு எல்லாம் சொன்னேன். எங்கே படித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். வீட்டில் என்றேன். சோதித்துப் பார்க்க ஒரு பெட்டி எடுத்துக்கொண்டார்கள். பெரிய ஆர்டர் இல்லை, ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது.

கேன்களைப் பஸ்ஸில் யாரிடமும் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. சனிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். சீலா மீன் கிடைத்தால் வாங்கி வருவேன், நீ குழம்பு வை.

நீ எழுதியதில் ஒன்று எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. எண்பதில் பூச்சி பெரும்பாலும் பிழைத்தது என்றால், இருநூறு போட்டால் எல்லாமே பிழைக்கும்தானே? அப்போது கிருமியும் பிழைத்துவிடுமோ? எந்த இடத்தில் நிறுத்துவது? இதை எழுதிக் கேட்டால் நீ ஒரு மாதம் கழித்துப் பதில் போடுவாய். நேரில் பேச வேண்டும்.

சத்தம் போடாமல் பேசுவேன் என்று ஜாஸ்மினுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். காப்பாற்றுவேனா தெரியவில்லை. நான் சத்தம் போட்டால் நீயும் போடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. இந்த ஆறு மாதம் எனக்குப் போதும்.

உன் அண்ணன்,
எட்வின்